கடைசிச் சுற்று மணியும் காதில் வாங்காத மருமகளும்

கடல்மேல் இருக்கும் சம்பந்தி அவர்களுக்கு, கரைமேல் இருக்கும் சம்பந்தி எழுதிக்கொள்வது. இங்கே நானும் என் முழங்காலும் சுமாரான நலம். தாங்களும் தங்கள் கப்பல் சமையலறையும் அதிகம் ஆடாமல் நலமாக இருக்க வேண்டுகிறேன்.

நிற்க. தங்கள் செல்வ மகளைப் பற்றி ஒரு புகார். மருமகளாக வந்த நாள்முதல் நான் சொல்வதை அவள் காதிலேயே வாங்குவதில்லை. தினமும் காலையில் அவள் பயிற்சிக்குக் கிளம்பும்போது, ஓய்வுபெற்ற சரித்திர வாத்தியார் என்ற முறையில், நெடுந்தூர ஓட்டத்தின் சரித்திரத்தை வாசலில் நின்று சொல்கிறேன். பத்தாயிரம் மீட்டர் ஓட்டம் ஒலிம்பிக்கில் ஆண்களுக்கு 1912-லேயே வந்துவிட்டது, பெண்களை 1988 வரைக்கும் காக்க வெச்சாங்கம்மா என்கிறேன். அவள் பாட்டுக்கு ஷூ கயிற்றைக் கட்டிக்கொண்டு, "சரி மாமா, கதவைச் சாத்திக்கோங்க" என்று ஓடிவிடுகிறாள். மகனிடம் முறையிட்டால், "கொஞ்சம் சுருக்கமா சொல்லக் கூடாதாப்பா?" என்கிறான்.

இன்று நடந்ததைக் கேளுங்கள். இத்தனை வருஷம் உழைத்து, ஒருவழியாக இந்தச் சர்வதேசப் போட்டியில் அவளுக்கு இடம் கிடைத்தது. "இதுல பதக்கம் வரலேன்னா ஓட்டத்தையே விட்டுடுறேன் மாமா" என்று நேற்று கண்கலங்கினாள். எனக்கு மனசு கேட்கவில்லை. கெஞ்சிக் கூத்தாடி மைதானத்தில் ஒரு தொண்டர் வேலை வாங்கினேன். மீதிச் சுற்றுகளைக் காட்டும் பலகையைத் திருப்ப வேண்டும், கடைசிச் சுற்றுக்கு மணி அடிக்க வேண்டும். உறவுமுறையை யாரும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ஓட்டம் பாதி தாண்டியதும், பக்கத்தில் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்த அம்மாளுக்கு, நம் பெண்ணுக்குத் தினமும் சொல்லும் அதே கதையைச் சொன்னேன். 1932 ஒலிம்பிக் தடைதாண்டும் ஓட்டத்தில் சுற்று எண்ணும் பொறுப்பில் பிசகு வந்து, எல்லாரும் ஒரு சுற்று கூடுதலாக ஓடினார்கள், இரண்டாவதாக வந்திருக்க வேண்டியவர் மூன்றாவதாகிவிட்டார். "அடப்பாவமே!" என்றார் அந்த அம்மாள். "பொறுப்பில்லாத ஆளுங்கம்மா, வேலையில கண்ணு இருக்க வேணாமா?" என்றேன். திரும்பிப் பார்த்தால் ஓடுகிறவர்கள் கோட்டைத் தாண்டிப் போய்க்கொண்டிருக்கிறார்கள். பலகையைத் திருப்பினேனா இல்லையா என்று சந்தேகம். எதற்கும் இருக்கட்டும் என்று திருப்பிவைத்தேன். பிறகு பலகை சொன்னபடி, கை வலிக்க வலிக்க மணியை அடித்தேன் சம்பந்தி! எல்லாப் பெண்களும் தலைதெறிக்க ஓடினார்கள். நம்ம பெண் மட்டும் பழைய வேகத்திலேயே, ஏதோ கடைக்குப் போவதுபோல! "மணி அடிச்சாச்சும்மா, ஓடு!" என்று கத்தினேன். திரும்பக்கூட இல்லை. மற்றவர்கள் கோட்டைத் தொட்டுக் கையைத் தூக்கி, தரையில் விழுந்து மூச்சு வாங்குகிறார்கள். இவள் சாவகாசமாக வந்து, அவர்களைத் தாண்டி, நிற்காமல் போகிறாள்! "நில்லும்மா, முடிஞ்சு போச்சு!" ம்ஹூம். அதைப் பார்த்து மற்றவர்களும் எழுந்து பின்னாலேயே ஓட ஆரம்பித்துவிட்டார்கள். ஊர் உலகமே பார்க்கிறது. தலைமை நடுவர் கையை ஆட்டிக்கொண்டு என்னை நோக்கி ஓடி வந்தார். இவளைப் பற்றிப் புகார் சொல்லத்தானே வருவார்? எந்த முகத்தோடு நிற்பது? மணியோடு நழுவி, படிக்கட்டுக்குக் கீழே ஓட்டத் தடைகளை அடுக்கிவைத்திருக்கும் அறையில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். என் மானம் கப்பலேறிவிட்டது. அங்கே வந்து சேர்ந்தால் பத்திரமாக வைத்திருங்கள்.

பதக்கம் போயிற்று, ஓட்டமும் போயிற்று. இனியாவது மாமனார் சொல்வதைக் கேட்கும்படி தாங்கள் கண்டித்து நாலு வரி எழுதவும். அலைகள் தங்களிடம் மரியாதையாக நடந்துகொள்ள ஆசீர்வதிக்கும்,
தங்கள் சம்பந்தி.

பி.கு.: தலைமை நடுவர் கண்டுபிடித்துவிட்டார். "முதல்ல அந்த மணியைக் குடுங்க சார்" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று நான் திருப்பியது இரண்டாம் தடவையாம். ஒரு சுற்று முன்னாலேயே மணி அடித்திருக்கிறேன். நம்ம பெண்தான் முதல்! தங்கம் சம்பந்தி, தங்கம்! பின்னாலேயே அவளும் வந்தாள். "உனக்கு மட்டும் எப்படிம்மா தெரிஞ்சுது?" என்றேன். "தினமும் வாசல்ல நின்னு அந்த முப்பத்திரண்டாம் வருஷக் கதையைச் சொல்றீங்களே மாமா. அதைக் கேட்டதுல இருந்து நான் எந்த மணியையும் நம்புறதில்ல. சுத்தை நானே எண்ணிக்குவேன்" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. வேறு தாள் இல்லாததால் இதையே அனுப்புகிறேன். நலம் விசாரித்த வரிகளை மட்டும் படிக்கவும்.