பேய்க்குத் தேத்தண்ணி கொடுத்த நாவல்

அன்புள்ள சுந்தரலிங்கம் மாமாவுக்கு,

இல்லை, ஞாயிற்றுக்கிழமை உங்கள் நாவலை நயந்து பேச மாட்டேன். என்னைக் கேட்காமலே அழைப்பிதழில் ‘நயவுரை: செல்வி ஆரணி’ என்று அச்சடித்தது உங்கள் பிழை. நான் வராவிட்டால், நீங்கள் ஓய்வுபெற்று எழுதிய முதல் நாவலின் வெளியீட்டிலேயே தன் அண்ணனின் மானம் போய்விடும் என்கிறார் அம்மா. வந்தாலும் போகும், மாமா. அதுதான் எழுதுகிறேன். ஹெந்தளையில் நீங்களும் மாமியும் சுகமாக இருக்க வேண்டும். இனி நாவல்.

திகில் நாவல் என்று அட்டையில் இரத்தம் வழிகிறது. உள்ளே வழிவது தேத்தண்ணி. வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்ஸ். குடியிருக்கும் எல்லோருமே நாயகர்கள். எல்லோருக்கும் மனம் இருக்கிறது. அதை எல்லோரும் திறந்து காட்டுகிறார்கள். இஞ்சினியர் நாகேந்திரத்தின் முழங்கால் வலிக்கு ஒரு அத்தியாயம். டியூஷன் டீச்சர் உஷாந்தியின் கனடா விசாவுக்கு ஒரு அத்தியாயம். கொட்டாஞ்சேனையிலிருந்து குடிவந்த ஹியூபேட்டின் மனச்சாட்சிக்கு இரண்டு. பேய் பாவம், மொட்டைமாடியில் தன் முறைக்காகக் காத்திருக்கிறது. ஒருவழியாக இறங்கி வந்து நாகேந்திரத்தின் கழுத்தைப் பிடிக்கிறது. அவர் கேட்கிறார்:

“பிள்ளை ஊரிலை எவடம்?”

“புங்குடுதீவு.”

“அங்கை ஆற்றை ஆக்கள்?”

பேய் சொல்கிறது. மாமா, பேய் சொல்கிறது! அப்பன் பெயரிலிருந்து பூட்டன் பெயர்வரை.

“அட, அப்ப நீர் என்ரை மனிசியின்ரை பகுதியெல்லோ! இரும், தேத்தண்ணி குடிச்சிட்டுப் போம்.”

பேய் கையை எடுத்துவிடுகிறது. அடுத்த வீட்டிலும் இதே கதை. ஹியூபேட்டிடமாவது ஏதும் நடக்கும் என்று நம்பினேன். அவருக்குப் பேய் எந்த வழியிலும் சொந்தமில்லை. உஷாந்தி ஓடிவந்து, “அவரை விடும், எங்கட ஆள்தான்” என்கிறார். விட்டுவிடுகிறது.

முந்நூறு பக்கம். ஒரு பிணம் இல்லை. இதைத் திகில் என்று மேடையில் சொல்ல எனக்கு நா எழாது.

மாமியைச் சுகம் கேட்டதாகச் சொல்லுங்கள். கோபம் என்மேல் மட்டும் இருக்கட்டும், அம்மாவை விட்டுவிடுங்கள்.

உங்கள் மருமகள்,
ஆரணி

பி.கு.: கடிதத்தை மேசையில் வைத்துவிட்டுக் குளிக்கப் போனேன். திரும்பி வந்தால் அம்மா அதை வாசித்துக்கொண்டிருக்கிறார். உங்கள் நாவலை நேற்றே முடித்துவிட்டாராம்.

“ஒருத்தரும் சாகேல்லையெண்டு குறை சொல்லுறியே,” என்றார். “நாங்கள் கண்ட சாவு உனக்குக் காணாதோ? அண்ணை எல்லாரையும் உயிரோடை வீட்டிலை இருத்தி வைச்சிருக்கிறார். நான் நிம்மதியா வாசிச்சன்.”



ஞாயிறு வருகிறேன், மாமா. ஒரு தாளின் மேலே ‘நயவுரை’ என்று எழுதிவிட்டு, முதல் அத்தியாயத்தை மறுபடி வாசிக்க எடுத்தேன்.