வெள்ளைப் பெட்டி விஷயமாக

ஆம்பூர்,
சனிக்கிழமை காலை.

கர்த்தருக்குள் பிரியமான ஏசுராஜ் சித்தப்பாவுக்கு,

அண்ணன் மகன் ஆலன் ஸ்தோத்திரம் சொல்லி எழுதிக்கொள்வது. ஜெபகனி அக்காவின் விரலில் ஊசியைக் குத்தியது நீங்கள்தான். மற்றபடி நீங்களும் கேத்தரின் சித்தியும் சுகம் என்று நம்புகிறேன். இங்கே அப்பாவுக்குச் சர்க்கரை கொஞ்சம் ஜாஸ்தி, அம்மாவுக்கு முட்டிவலி கம்மி.

நான் வார்டிலேயே இல்லையே என்பீர்கள். மருத்துவமனைக்கு நிர்வாக அதிகாரியாக இருந்தாலும் நீங்கள் வார்டுப் பக்கம் வருவதே இல்லை என்பது துப்புரவு வேலை செய்யும் பதினாலு பேருக்கும் தெரியும். போன செவ்வாய்க்கிழமை, மருத்துவக் கழிவை எப்படிப் பாதுகாப்பாகக் கையாள்வது என்று அவர்களுக்குச் சொல்லிக் கொடு, சொந்தக்காரப் பையன்தானே என்று என்னைக் கூப்பிட்டீர்கள். ஒரு மணி நேரப் பயிற்சி. அதில் ஜெபம் எட்டு நிமிடம், வரவேற்புரை பதினைந்து, உங்களுக்கு நீங்களே ஏற்பாடு செய்த பொன்னாடை பத்து, சுத்தத்தைப் பற்றி உங்கள் பேச்சு இருபது. பிரியாணி ஆறிவிடும் என்று எனக்கு மிச்சம் விட்டது ஏழு நிமிடம். மேடையில் ரிப்பன் கட்டிய மஞ்சள், சிவப்பு, நீலத் தொட்டிகளும், பயன்படுத்திய ஊசிகளைப் போடுகிற வெள்ளைப் பெட்டியும் இருந்தன. ஏழு நிமிடத்தில் நான்கையும் சொல்ல முடியாது. உயிரோடு விளையாடுவது ஊசி என்பதால் ஒன்றை மட்டும் சொன்னேன். "ஊசின்னா வெள்ளப் பொட்டி. மேல இன்னா எழுதி ஒட்டியிருந்தாலும் பாக்காதீங்க, யாரையும் கேக்காதீங்க, நிறத்த மட்டும் பாருங்க." பதினாலு பேரும் மூன்று தடவை திருப்பிச் சொன்னார்கள்.

மறுநாளே, "ஆய்வுக்கு ஆபீசருங்க வர்றப்ப அழுக்கா இருந்தா மானம் போய்டும்டா" என்று மூன்று தொட்டிகளையும் ஸ்டோர் ரூமில் பூட்டினீர்கள். அழுக்காகிவிடும் என்று குப்பைத் தொட்டியைப் பூட்டி வைத்த முதல் அதிகாரி நீங்களாகத்தான் இருப்பீர்கள். வெள்ளைப் பெட்டிக்கோ பதவி உயர்வு. ஆய்வுக்கு ஆலோசனைப் பெட்டி ஒன்று வேண்டுமாம், இதிலோ மேலே துளை ரெடியாக இருக்கிறதாம். ‘உங்கள் ஆலோசனை எங்கள் வளர்ச்சி’ என்று முன்பக்கம் முழுக்கக் காகிதம் ஒட்டி உங்கள் அறை வாசலில் மாட்டிவிட்டீர்கள். வார்டில் பெட்டி இல்லை. ஊசிகள் பழையபடி கறுப்புப் பைக்குள் போயின. வியாழன் காலை பத்து மணிக்கு அந்தப் பையைத் தூக்கினார் பதினாலு பேரில் ஒருவரான ஜெபகனி அக்கா. உள்ளேயிருந்து ஒன்று விரலில் ஏறிவிட்டது.

ரத்தம் சொட்டச் சொட்ட உங்களிடம்தான் ஓடி வந்தார். விபத்து நோட்டில் பெயர் எழுதி, ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பச் சொன்னார். "நாலு வருஷமா அந்த நோட்டு வெள்ளையா இருக்கு, அதுல போய் கறை பண்ணணுமா? சோப்பு போட்டுக் கழுவும்மா, ஜெபம் பண்ணிக்கோ" என்றீர்கள்.

அக்கா என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "நான் ஷூ கம்பெனில எட்டு வருஷம் தைச்சவ தம்பி. மிஷின் ஊசி நகத்துல ஏறுனாக்கூட சூப்பர்வைசர் திட்டிக்கினே நோட்டுல பேர எழுதுவான். இது ஆஸ்பத்திரி. இங்க ஊசி குத்துனா குத்தலன்னு சொல்லச் சொல்றாங்க. அது யாருக்குப் போட்ட ஊசின்னாவது கேட்டுச் சொல்லு. வீட்ல கைக்கொழந்த இருக்குது, தூக்கவே பயமா இருக்குது." நான் வேலூர் பெரிய மருத்துவமனைக்கு அழைத்துப் போகிறேன் என்றால், "ஆஸ்பத்திரி லெட்டர் இல்லாம லீவு போட்டா கான்ட்ராக்டர் வேற ஆள வெச்சிடுவான்" என்கிறார்.

சித்தப்பா, ஞாயிற்றுக்கிழமை ஆலயத்தில் நீங்களும் அவரும் ஒரே பாத்திரத்தில் இராப்போஜனம் வாங்குகிறீர்கள். நோட்டில் மட்டும் அவருக்கு ஒரு வரி இடமில்லையா? எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவைப்பட்டால் ஊசி குத்திய எழுபத்திரண்டு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். நாளை காலை பத்து மணியோடு அது முடிகிறது, நீங்கள் ஆலயத்தில் பாட்டு நம்பர் தேடிக்கொண்டிருக்கிற நேரம். இன்றே எழுதுங்கள், இன்றே அனுப்புங்கள்.

சித்திக்கும் தம்பி ஜோவினுக்கும் என் அன்பு. சமாதானத்தின் தேவன் உங்கள் தூக்கத்தைக் கொஞ்சம் கம்மி பண்ணட்டும்.

இப்படிக்கு,
ஆலன்

பின்குறிப்பு (மதியம்): மேலே உள்ளதோடு இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்தக் கடிதத்தை உங்கள் ஆலோசனைப் பெட்டியில் போடத்தான் வந்தேன். அதற்குள் நீங்களே பெட்டியைத் திறந்து கையை விட்டுவிட்டீர்களாம். ஆலோசனை ஒன்றுகூட இல்லை. வியாழன் மதியத்திலிருந்து பதினாலு பேரும் தேடி வந்து போட்ட ஊசிகள்தான் இருந்தன. எழுதியதைப் பார்க்கவில்லை, யாரையும் கேட்கவில்லை, நிறத்தை மட்டும் பார்த்தார்கள். ஆகவே உங்கள் விரலில் ஊசியைக் குத்தியது நான்தான். பயிற்சி முழு வெற்றி.

நீங்கள் சோப்பைத் தேடவில்லை, ஜெபமும் பண்ணவில்லை. "ஆம்புலன்ஸ எடுத்துக்கினு வேலூர் போய்ட்டாரு சார், சைரன் வேற" என்றார் வாட்ச்மேன் சீனிவாசன். நோட்டைப் பார்த்தேன். நாலு வருட வெள்ளைத் தாளில் முதல் வரியாக உங்கள் பெயர், நேரம், எந்த விரல் என்பது வரை, அழகான கையெழுத்தில். தேதிப்படி அது இரண்டாவது வரி, சித்தப்பா. முதல் வரிக்கு உரியவர் மருத்துவமனை வாசலில் நிற்கிறார். நோட்டில் அவர் பெயரை எழுதச் சொல்லிவிட்டு, வண்டியைத் திருப்பி அனுப்புங்கள். போன் எடுக்கவில்லை, இதைப் படம் எடுத்து வாட்ஸப்பில் அனுப்புகிறேன்.

இன்னொரு பின்குறிப்பு (மாலை நாலு மணி): இரண்டு டிக்கும் நீலமாகிவிட்டன. நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்கிறேன், படித்துவிட்டீர்கள். வண்டி எங்கே, சித்தப்பா?