ஆம்பூர் சிங்கமும் ஆற்காட்டு மக்கனும்

அன்றைக்கு ஒரு முடிவு எடுத்தேன். இனிமேல் இந்த வீட்டில் எதையும் விட்டுக்கொடுப்பதில்லை.

கல்யாணமாகி பதினாலு வருஷத்தில் இது நாற்பதாவது முடிவு. மற்ற முப்பத்தொன்பதும் என்ன ஆச்சு என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

பிரச்சினை ஹால் ஜன்னல். வீட்டிலேயே வெளிச்சம் வருகிற ஜன்னல் அது ஒன்றுதான். அதை ஒட்டி என் கம்ப்யூட்டர். 2008-ல் பிராட்பேண்ட் வாங்கியதிலிருந்து சாயங்காலம் ஆனால் அங்கே உட்கார்ந்து போக்கர் ஆடுவேன். காசு இல்லை சார், சும்மா சில்லு. பகலில் ஆம்பூர் ஷூ கம்பெனியில் தோல் தரம் பிரிக்கிற சாந்தகுமார். தோலின் ஓரத்தை ரெண்டு விரலில் பிடித்து ஒரு தேய் தேய்த்தால் போதும், முதல் தரமா மூணாம் தரமா என்று சொல்லிவிடுவேன். சாயங்காலம் அதே சாந்தகுமார் இன்டர்நெட்டில் 'ஆம்பூர் சிங்கம்'.

சிங்கத்தின் குகைக்குள் ஒரு தையல் மிஷின் வந்து இறங்கியது. என் மனைவி ஜெயபுஷ்பத்துக்கு குடியாத்தத்து அண்ணன் அனுப்பியது.

"ஏங்க, தைக்க வெளிச்சம் வோணும். கம்ப்யூட்டரை உள் ரூமுல வச்சிடுங்க."

"உள் ரூமுக்கு போன் ஒயர் எட்டாது புஷ்பம்."

"எட்டலன்னா இன்னா? கம்ப்யூட்டர் அழப்போவுதா?"

"அது அழாது. நான் அழுவேன்."

புஷ்பம் ஆஸ்பத்திரியில் நர்ஸ். ஊசியை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு சிரிக்கிற சிரிப்பு ஒன்று உண்டே, அதைச் சிரித்தாள்.

"சரி, ஞாயித்துக்கிழமை ஆறு மணிக்குள்ள ஒரு லட்சம் சில்லு சேத்துக் காட்டுங்க. ஜன்னல் உங்களுது. இல்லன்னா மிஷினுக்கு."

"ஒரு லட்சமா? மூணு நாள் ஜாஸ்தி!"

வாய் இருக்கிறதே, அது தனியாக ஒரு பிராணி.

நான் உட்காருவது ரெண்டு பேர் மட்டும் ஆடுகிற மேஜை. அந்த வாரம் எதிரே புதுசாக ஒருவன் வந்தான். பேர் 'ஆற்காட்டு மக்கன்'. விழுந்து விழுந்து சிரித்தேன். ஆற்காட்டு மக்கன் பேடாவை நான் கிலோ கணக்கில் தின்றவன். இதுவும் ஒரு பேடா, அவ்வளவுதானே?

அந்தப் பேடா தொண்டையில் சிக்கியது. எனக்கு நல்ல சீட்டு வந்தால் உடனே சீட்டை மடக்கிவிட்டு ஒதுங்குவான். சொத்தைச் சீட்டு வந்தால் மேலே மேலே கட்டி என்னை ஓட ஓட விரட்டுவான். முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்தான் என்று சொல்லலாமென்றால், இன்டர்நெட்டில் முகம் ஏது?

"இன்னாங்க, நல்ல சீட்டா?" என்று டீயோடு வந்து நிற்பாள் புஷ்பம்.

"கம்பெனி ரகசியம்."

"சரி சரி, டீ ஆறுது" என்பாள். அப்படியே செல்போனை எடுத்து எதிர் வீட்டு ரஃபத் ஜஹானுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பாள். எங்கள் தெருவில் மிஸ்டு கால் என்றால் குழாயில் தண்ணீர் வந்துவிட்டது என்று அர்த்தம். எல்லா வீட்டிலும் அதே வழக்கம். வாரம் ஒருதரம் வருகிற தண்ணீர் ஒரே சாயங்காலத்தில் ஆறு தரம் வருகிறதே என்று மனசார நகராட்சியை வாழ்த்தினேன்.

ஞாயிற்றுக்கிழமை. சர்ச் முடிந்து, பிரியாணி முடிந்து, மணி அஞ்சே முக்கால். மேஜையில் மொத்தம் ஒரு லட்சம் சில்லு. என்னிடம் பாதி, மக்கனிடம் பாதி.

சீட்டு விழுந்தது. கையில் ரெண்டு ராஜா! ரெண்டு பேருக்கும் பொதுவாக மேஜையில் விரித்த அஞ்சில் ஒரு ராஜா, ரெண்டு ராணி, ஒரு ஏழு, ஒரு ரெண்டு. மூணு ராஜா, ரெண்டு ராணி என் பக்கம். ஐயோ சாமி! லுங்கி ஓரம் கையில் கசங்கியது. என் சில்லில் பாதியை மேஜையில் தள்ளினேன்.

பின்னால் டீ வாசனை. மிஸ்டு கால். இந்தத் தடவை அடுத்தடுத்து ரெண்டு. தண்ணீர் பலமாக வந்துவிட்டது போல.

இப்போது மடக்குவான் பார் என்று காத்திருந்தேன். மக்கன் மொத்தச் சில்லையும் தூக்கி வைத்தான்.

நல்ல சீட்டு எனக்கு வந்தால் ஓடுகிறவன், இன்றைக்கு ஏன் ஓடவில்லை? என்னை ஜெயிக்க ஒரே வழிதான். மிச்சம் ரெண்டு ராணியும் அவன் கையில் இருந்து, நாலு ராணி சேரவேண்டும். மோதித் தோற்றால் எல்லாம் போச்சு. மடக்கினால் பாதியாவது மிஞ்சும், இன்னும் பத்து நிமிஷம் இருக்கிறது.

"இன்னாங்க இப்படி முழிக்கிறீங்க?"

"அவன் எல்லாத்தையும் வச்சிட்டான் புஷ்பம். மோதவா, மடக்கவா?"

"மடக்காதீங்க! உங்க சீட்டு நல்ல சீட்டு. தைரியமா மோதுங்க."

திரும்பிப் பார்த்தேன். அதே ஊசிச் சிரிப்பு. ஆஹா! ஜன்னல் வேண்டும் என்கிறவள், நான் ஜெயிக்க வழி சொல்வாளா? யாரிடம்? சிங்கத்திடமா?

மடக்கினேன்.

மக்கன் தன் சீட்டைத் திருப்பிக் காட்டினான். ஒரு மூணு, ஒரு நாலு. ராணி இல்லை, ராணியின் வேலைக்காரிகூட இல்லை. அந்தப் பத்து நிமிஷத்தில் மிச்சத்தையும் விட்டேன்.

"நான் மடக்காதீங்கன்னுதானே சொன்னேன்? எப்பதான் என் பேச்சைக் கேட்டிருக்கீங்க?" என்றாள் புஷ்பம்.

சரியாக ஆறு மணிக்குக் கதவு தட்டும் சத்தம். ரஃபத் ஜஹான். கையில் ஒரு டப்பா.

"பாய்சாப், பேஜாராவாதீங்க. மக்கன் பேடா. எங்க அம்மா வூட்ல இருந்து வந்துது."

"உங்க அம்மா வீடு எங்கம்மா?"

"ஆற்காடு."

மிச்சம் ரெண்டு ராணி எங்கே இருந்தார்கள் என்று அப்போது புரிந்தது. ஒருத்தி எதிர் வீட்டில், ஒருத்தி என் முதுகுக்குப் பின்னால். மாசக்கணக்கில் பெருமையடித்துப் புஷ்பத்துக்கு ஆட்டத்தைச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான். என் வாயை எதால் அடிப்பது?

ஒன்று மட்டும் விளங்கவில்லை. கம்ப்யூட்டரில் சீட்டை என் தோளால் மறைத்துத்தானே ஆடினேன்? நல்லதா சொத்தையா என்று புஷ்பத்துக்கு எப்படித் தெரிந்தது? கேட்டால் சிரித்தாள்.

மறுநாள் சாயங்காலம் ஜன்னலோரம் மிஷின். கம்ப்யூட்டர் உள் ரூமில், ஒயர் எட்டாமல், என்னைப்போலவே கம்மென்று கிடந்தது.

"ஏங்க, அந்த லுங்கியை மாத்திட்டுக் குடுங்க. மொத தையல் உங்களுக்குத்தான்."

"லுங்கிக்கு இன்னா?"

"நல்ல சீட்டு வரும்போதெல்லாம் தோலைப் பாக்குற மாதிரி தேய்ச்சித் தேய்ச்சி, ஒரு வாரத்துல ஓரமே பிரிஞ்சிப்போச்சு."