ஒத்தைப் பனைக்குப் பின்னாடி இருக்குற கரை

கோரிப்பாளையத்தில் பழைய டயர்க் கடை நடத்தும் கண்ணியத்துக்குரிய பாதுஷா மாமு அவர்களுக்கு, தங்கள் தங்கை மகன் பரீத் பணிவுடன் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நான் நலம், தங்கள் மண் அணைதான் கொஞ்ச நாள் நலமில்லாமல் இருந்தது. போன்ல சொன்னா பாதியிலயே திட்ட ஆரம்பிப்பீங்க, அதான் லெட்டர்.

மழைக்காலம் முடியுற வரைக்கும் கரை நின்னா மீன் வளர்க்கத் தருவேன், உடைஞ்சா மறுபடி காலேஜுன்னு சொல்லி அனுப்புனீங்க. பேரையூர் தாண்டி எறங்கி, உங்களுக்கு எடத்த முடிச்சுக் குடுத்த புரோக்கர் சொன்ன ஒத்தைப் பனைக்குப் பின்னாடி கரையக் கண்டுபிடிச்சு, 'தனியார் அணை, யாரும் வரக்கூடாது'ன்னு போர்ட நட்டேன். மாமு, ஒரு கரையில எம்புட்டு வேலை நடக்குது தெரியுமா? மேல மொளகா காயுது, பைக் போகுது, கீழ எரும குளிக்குது, கல்யாண ஜோடி போட்டோ எடுக்குது. பொண்ணு வழுக்கி விழுந்ததுக்கு என்னையத்தான் மொறைச்சாங்க. அம்புட்டுப் பேரையும் வெரட்டுனேன். ஆடு மேய்க்கிற முனீஸ்வரி அக்கா மட்டும் அசையல. முள்ள வெட்டிக் கரைய அடைச்சேன். சண்டைக்கு வரும்னு பாத்தா, சிரிச்சுக்கிட்டே போயிருச்சு.

ரெண்டு மழைதான். முள்ளு போட்ட எடமெல்லாம் கசிவு. ஏன்னு மண்டையக் குடைஞ்சுச்சு. கம்பிய எடுத்துக் கரை முழுக்கக் குத்திப் பாத்தேன். ஒரு ஓரத்துல முள்ளப் பிரிச்சு ஆடு நொழைஞ்சுக்கிட்டு இருக்கு. அங்க கம்பி எறங்கல. அடைச்ச எடத்துல அல்வாவுல எறங்குற மாதிரி எறங்குது, நண்டு வளை வேற. தெனமும் ஆடு மிதிச்சுத்தான் மாமு கரையே இறுகியிருக்கு! ரோடு ரோலர வெரட்டிட்டு ரோட்டுக்குக் காவல் நின்னுருக்கேன்.

ஓடிப்போயி, "அக்கா, ஆட்ட அனுப்புங்க"ன்னேன்.

"போர்டப் பாத்தா எங்க ஆட்டுக்குப் பயமா இருக்காம் தம்பி."

"ஆட்டுக்கு என்ன படிக்கவா தெரியும்?"

"ஒன்னயவிட ரெண்டு கிளாசு கூடத்தான்."

போர்ட நானே புடுங்குனேன், முள்ளையும். நான் மண்ணக் கொட்டக் கொட்ட ஆடு மிதிச்சுச்சு. கசிவு நின்னுருச்சு, மழைக்காலமும் முடிஞ்சுருச்சு. மீன் குஞ்சுக்கு ஏற்பாடு பண்ணுங்க.

மாமிக்கும் நிலோபருக்கும் என் சலாம். தங்கள் கடையில் வியாபாரமும் தங்கள் கோபத்தில் தணிவும் பெருக துஆ செய்யும்,
பரீத்

பி.கு.: கவர ஒட்டுறதுக்குள்ள ஒரு விஷயம் தெரிஞ்சுச்சு. இந்தப் பக்கம் ஒத்தைப் பனை ரெண்டு இருக்கு. நான் காத்த இது முனீஸ்வரி அக்கா கரை. "ஏங்க்கா முன்னாடியே சொல்லல?"ன்னா, "சும்மா வந்து காவ காக்குறேன்னா யாரு வேணாம்பா?"ங்குது. இன்னொரு பனைக்குப் பின்னாடி இருக்குற நம்ம கரையப் போய்ப் பாத்தேன். ஒரு ஆட்டுத் தடம் இல்ல. நடுவுல வாயப் பொளந்து கெடக்கு. ஆடு அனுப்ப அக்கா ரெடி, நீங்களே வந்து கேக்கணுமாம். போர்டு வேணும்னு கேட்டுறாதீங்க, அது இப்ப தண்ணித் தொட்டிக்கு மூடி. அப்புறம் அந்தக் காலேஜ் விஷயம். நான் காத்த கரை உடையல மாமு.