பதிவு பெற்ற கை

கைக்கு இலக்கணம் எழுதிய அந்தப் பெரிய மனிதரைத்தான் கேட்க வேண்டும்: ஐயா, அதை எந்தக் கையால் எழுதினீர்?

கம்பளத்துக்கு முடிச்சுப் போடும் இயந்திரம் ஒன்றை ஒரு பொறியாளர் செய்துமுடித்தார். வேலை வெகு சுத்தம். ஆனால் கைத்தொழில் அதிகாரி 'கைவேலை' முத்திரை தர மறுத்துவிட்டார். முத்திரை இல்லாத கம்பளத்தை நாகரிகம் தெரிந்த யாரும் வீட்டில் விரிப்பதில்லை.

"முடிச்சுப் போடுறது கொக்கிதானே? விதிப்படி கைன்னா அஞ்சு விரல் இருக்கணும், ரேகை இருக்கணும்," என்றார் அதிகாரி.

பொறியாளர் அசரவில்லை. ரப்பரில் கை வார்க்க அச்சுத் தேடிக்கொண்டு, அந்த வட்டாரத்திலேயே வேகமாக முடிச்சுப் போடும் நெசவுக்காரி பட்டாசிடம் வந்தார். பட்டாசு என்பது அவள் வாய்க்கு வைத்த பெயர். வந்தவருக்கு வேர்த்துக் கொட்டும்வரை அவள் பேரத்தை விடவில்லை.

"கையைத்தானே கேட்கிறார், தலையையா? அழுத்திக் கொடுத்துடு," என்றான் கணவன்.

ஈரக் களிமண்ணில் அழுத்தினாள். கழுவிக்கொண்டு தறிக்குப் போனாள். நல்ல வியாபாரம்!

ரப்பர் கை மாட்டிய இயந்திரத்தை அதிகாரி சுற்றிச் சுற்றி வந்தார். விரல்களை எண்ணினார். ரேகையைப் பதிவு செய்து, பயபக்தியோடு முத்திரை குத்தினார்.

சில மாதம் கழித்து, முதுகொடிய முடித்த தன் கம்பளத்தைச் சுமந்துகொண்டு பட்டாசும் போனாள். வாங்க வந்த வியாபாரியும் கூடவே வந்தார். முத்திரை விழுந்தால் கம்பள விலை, இல்லையென்றால் மிதியடி விலை.

ரேகை வாங்கிப் பார்த்த அதிகாரிக்கு முகம் சுருங்கியது.

"இந்தக் கை ஏற்கெனவே பதிவாயிருக்கே."

"ஆகியிருக்கும். அது என் கைதான்."

"இயந்திரத்தோட கைம்மா. ஒரே கையை ரெண்டு பேர் வெச்சுக்க முடியாது. உங்களுது நகல்."

"சார், நான் இதோடதான் பொறந்தேன்!"

"பொறந்தா போதுமா? பதிஞ்சிருக்கணும்."

"அப்ப வெட்டிப் போட்டுடவா?"

"ஐயோ, வேண்டாம். சாப்பிடலாம், துவைக்கலாம், ஆட்சேபணை இல்லை. முடிச்சு மட்டும் போடக்கூடாது."

வியாபாரி ஓரத்தில் முத்திரையோடு கிடந்த இயந்திரக் கம்பளத்தைத் தடவிப் பார்த்தார். கண் சொக்கியது. "என்ன இருந்தாலும் மனுஷக் கை பட்டது தனிதான்," என்று அதைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினார்.

பட்டாசு தன் கம்பளத்தை அலுவலக வாசல் அடைக்க விரித்தாள். நடுவில் உட்கார்ந்தாள்.

"விதி எழுதின மகராசன் உள்ள எங்க ஒளிஞ்சிருந்தாலும் வரச் சொல்லுங்க! என் கையை என் பேருக்கு மாத்திக் கொடுத்து, இதுல முத்திரையையும் குத்திட்டு, அப்புறமா மிதிச்சுக்கிட்டு வீட்டுக்குப் போகட்டும்!"