இரண்டு நாட்டுச் சூப்புக்கும் நானே காசு கொடுத்தேன்

புசான் துறைமுகச் சந்தையில் கருவாட்டுக் கடை நடத்தும் அன்பு அக்கா யொங்நே அவர்களுக்கு, பியொங்தேக்கிலிருந்து தங்கை போங்னிம் இடுப்பு மடிய வணங்கி எழுதுவது. இங்கே நானும் அவரும் சுகம். அங்கே நீயும் அத்தானும் உன் முழங்காலும் சுகமாக இருக்க வேண்டும்.

சொல்லவே வெட்கமாக இருக்கிறது அக்கா, உன் அறுபதாம் பிறந்தநாள் விருந்துக்கு நான் வரப்போவதில்லை. ரயிலுக்கென்று எடுத்து வைத்த பணத்தை இரண்டு நாட்டுக்குச் சூப் வாங்கிக் கொடுத்துத் தீர்த்துவிட்டேன். சிரிக்காமல் மேலே படி.

அமெரிக்கப் படைமுகாம் சமையலறையில் எனக்கு வேலை என்று சந்தை முழுக்கப் பீற்றி வைத்திருக்கிறாயே, அந்த வேலை இப்போது அந்தரத்தில் தொங்குகிறது. படையை இங்கே வைத்திருக்கிற செலவில் நம் அரசு எவ்வளவு கொடுப்பது, அவர்கள் எவ்வளவு போடுவது என்று பேசுகிறார்கள், பேசுகிறார்கள், பேசிக்கொண்டே இருக்கிறார்கள். அது முடிகிறவரை எங்களுக்குச் சம்பளமில்லாத விடுப்பு. வீட்டில் சும்மா கிடந்தால் அவரோடு சண்டை வருகிறதென்று, கூட வேலை செய்கிற மிஹ்வாவை இழுத்துக்கொண்டு முகாம் வாசலில் இருக்கும் எலும்புச் சூப்புக் கடைக்குப் போனேன். பக்கத்து மேசையில் பார்த்தால், அந்தச் செலவைப் பேச வந்த ஆட்களே உட்கார்ந்திருக்கிறார்கள். நம் பக்கம் ஒரு கண்ணாடிக்காரர், அவர்கள் பக்கம் ஒரு மேஜர், ஆளுக்கொரு பரிவாரம். மேஜர் இங்கேயே பல வருஷம் இருந்து நம் பேச்சும் பழகி, நம் திருட்டுத்தனமும் பழகியவர். எல்லாரும் முள்ளங்கிக் கிம்ச்சி கேட்டுக் கேட்டு வாங்கி, வியர்க்க வியர்க்கக் குடித்தார்கள்.

எழுந்தபோதுதான் வேடிக்கை. கண்ணாடிக்காரர் வாசற்படியில் உட்கார்ந்து, கழற்றி வைத்திருந்த ஷூவை மாட்டி, கயிற்றை மெல்ல மெல்லக் கட்டத் தொடங்கினார். கல்லாவுக்கு முந்திப் போகாமலிருக்க நம் ஆண்கள் செய்கிற வேலைதான், அத்தானைக் கேள். மேஜர் விடுவாரா? பக்கத்திலேயே உட்கார்ந்து பூட்ஸை எடுத்தார். பட்டாள பூட்ஸ் அக்கா, கயிறு முழங்காலைப் பார்க்கப் போகிறது.

"நம்மாளு தோத்தாரு. அந்த பூட்ஸுக்கு முன்னாடி எந்த ஷூ நிக்கும்?" என்றாள் மிஹ்வா.

"பொறுடி. போட்ட முடிச்ச நம்மாளு திரும்ப அவுக்கறாரு பாரு."

"சூப்புக்கே முடிவு வரல. நம்ம சம்பளத்துக்கு எப்ப வரப்போவுதுக்கா?"

எனக்கு வாய் சும்மா இருக்குமா. நடுவில் போய்க் குந்தி, செருப்பைத் தேடுகிற மாதிரி, "என்ன தம்பிங்களா, இதுக்கும் அடுத்த வாரம் ஒரு கூட்டம் இருக்கா?" என்றேன்.

அங்கேதான் பிசகினேன். தம்பி என்றேனா, மேஜர் சட்டென்று எழுந்து குனிந்து, "நல்லா சாப்பிட்டோம் அக்கா, ரொம்ப நன்றி," என்றார். கண்ணாடிக்காரருக்கும் உயிர் வந்துவிட்டது. "ஆமாக்கா, மூத்தவங்க நீங்க இருக்கும்போது நாங்க பர்ஸ எடுத்தா மரியாதையா இருக்குமா?" என்று அவரும் குனிய, பரிவாரம் மொத்தமும் வரிசையாகக் குனிந்தது. பேச்சுவார்த்தை தொடங்கியதிலிருந்து இரண்டு நாடும் ஒரு விஷயத்தில் ஒத்துப்போனது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

மூத்தவள் என்று இத்தனை பேர் குனிந்த பிறகு கல்லாவைத் தாண்டி நடக்க முடியுமா? நீயாக இருந்தாலும் கொடுத்திருப்பாய்.

"வேலையில்லாத நீயா குடுக்கற?" என்றாள் கடைக்காரி.

"நாட்டக் காப்பாத்தறேன். வாய மூடிட்டு மீதியக் குடு."

மீதி இல்லை.

ஆகையால் அக்கா, விருந்தில் என்னைத் தேடாதே. நீ நூறு வயது வரை உட்கார்ந்த இடத்திலிருந்தே எல்லாரையும் ஏவிக்கொண்டு இருக்க வேண்டும். அத்தான் உன் பேச்சைக் கேட்கிற மாதிரி நடித்துக்கொண்டே இருக்க வேண்டும். இரண்டு பேர் காலிலும் விழுந்து கும்பிடுகிறேன்.

தங்கை,
போங்னிம்

பின்குறிப்பு: மேலே எழுதியதையெல்லாம் அடித்துவிடு. தபாலில் போட வெட்கப்பட்டு இதைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தேன். மிஹ்வா போய்ச் சமையலறைப் பெண்களிடமெல்லாம் சொல்லி, முடிந்தவள் முடிந்ததைப் போட்டு, இன்று காலை டிக்கெட்டே எடுத்துவிட்டார்கள். யார் பங்கு எவ்வளவு என்று ஒரு பேச்சு எழவில்லை. எல்லாருமே விடுப்பில் இருக்கிறவர்கள். வழியனுப்ப வந்தவர்களுக்குக் கையாட்டிக்கொண்டே, வந்து நின்ற ரயிலில் ஏறிவிட்டேன். சாயங்கால விருந்துக்கு நேரே வந்து இதை உன் கையிலேயே கொடுப்பேன். பக்கத்து இருக்கைக்காரர் இந்த ரயில் மொக்போ போகிறது என்கிறார். புசான் தென்கிழக்கு மூலை, மொக்போ தென்மேற்கு மூலையாம். அங்கேயும் கடல் இருக்கிறதாம்.