குதிகால் முசியேவின் பின்னறை

குழந்தையின் முகத்தைப் பார்க்காமல் குதிகாலை மட்டும் பார்த்துக் கொஞ்சியவர், புதுச்சேரி முழுக்கத் தேடினாலும் எங்கள் குதிகால் முசியே ஒருவர்தான். முசியே என்றால் பிரெஞ்சில் ஐயா; ஊர்ப் பழக்கத்தில் அப்படித்தான் அவரைக் கூப்பிடுவோம். இரண்டாயிரத்துக்குப் பிந்தைய அந்த வருடங்களில் நான் கணக்கெழுதிக்கொண்டிருந்த தனியார் லேபில் அவர் உதவியாளர். பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி, ரத்தத்தைக் கெட்டி அட்டையில் ஒற்றிக் காயவைப்பார். பிறவிக் குறை ஏதும் உண்டா என்று பார்த்தபின், தாயின் பெயர் எழுதிய அந்த அட்டைகள் பின்னறைக் குளிர்பெட்டிக்குப் போகும். சாவி முசியேவின் இடுப்பில் இருக்கும்.

பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கப் போனாலும், எதிரே வரும் கைக்குழந்தையின் காலைத் தூக்கிப் பார்ப்பார். "ஆறிடுச்சா கண்ணு?" பெற்றவள் பதறிப்போய்க் குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றுவாள்.

பின்னறை என்றாலே எங்களுக்கு உதறல். பட்டப்பகலிலும் உள்ளே முணுமுணுப்பு கேட்கும். கரெண்டு போய்க் குளிர்பெட்டியின் சத்தம் நின்றால் போதும், "பயப்படாதீங்க, தோ வந்துடும்" என்று யாருக்கோ சொல்லிக்கொண்டிருப்பார். காபி கொண்டுபோகும் நர்ஸ் டம்ளரை வாசலிலேயே வைத்துவிட்டு ஓடிவந்துவிடுவாள்.

ஒருநாள் மத்தியானம் மருந்துக் கம்பெனி ஆள் ஒருவர் வந்தார். பழைய அட்டைகள் அத்தனையும், பெயரோடு, ஆராய்ச்சிக்கு வேண்டுமாம். லேபை நடத்தும் எங்கள் டாக்டரும் தலையாட்டிவிட்டார். பிறந்து சில மாதங்களே ஆன என் மகளின் அட்டையும் உள்ளே இருந்தது. யார் கைக்குப் போய் யார் வாயில் விழுமோ? "சார், பெத்தவங்கள ஒரு வார்த்த..." என்று இழுத்தேன். டாக்டர் முறைத்தார்.

முசியே அசரவில்லை. "இருங்க, கேட்டுட்டு வரேன்."

"யார?" என்றார் கம்பெனிக்காரர்.

"கொழந்தைங்கள."

உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். சிரிக்கலாமா வேண்டாமா என்று நாங்கள் யோசிப்பதற்குள், உள்ளே ஒரு பச்சைக் குழந்தை வீறிட்டது. இன்னொன்று சேர்ந்துகொண்டது. அப்புறம் ஒரு கூட்டமே அழுதது.

கதவு திறந்ததும் அத்தனையும் நின்றது.

"ஒண்ணுகூட ஒத்துக்கல சார்" என்றார் முசியே, மெய்யாகவே வருத்தப்பட்டு.

கம்பெனிக்காரர் பையைக்கூட எடுக்காமல் ஆட்டோ ஏறினார். பெற்றவர்களைக் கேட்காமல் ஓர் அட்டையும் வெளியே போகக் கூடாது என்று டாக்டர் அன்றே உத்தரவு போட்டார்.

"அந்தக் கொரல எப்படி முசியே குடுத்தீங்க?" என்று கேட்டேன்.

"நானா? நான் வாயே தொறக்கலியே. ஒங்க பொண்ணுதான் மொதல்ல ஆரம்பிச்சா."

சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன். மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "மத்தியானம் தூங்கிட்டிருந்த புள்ள திடீர்னு வீல்னு கத்துச்சுங்க. என்ன பண்ணியும் நிக்கல. அப்புறம் பொசுக்குனு தானா நிறுத்திடுச்சு." என் சிரிப்பு போன இடம் தெரியவில்லை.

மகள் இப்போது கல்லூரிக்குப் போகிறாள். அவளைப் பற்றி யாரிடம் பேச வாயெடுத்தாலும், "கேட்டுட்டீங்களா?" என்று முசியே பின்னால் நிற்பதுபோல் இருக்கும். இதை எழுதவும் அவளைக் கேட்டேன். பெயரைப் போடாமல் எழுதச் சொன்னாள். முசியேவைக் கேட்கத்தான் வழியில்லை, அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அவர் நிஜப் பெயர் என்னிடமே பத்திரமாக இருக்கட்டும்.